வராதவர்கள் நோட்டு

அந்தத் தம்பியை நான் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில். எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு எட்டு மாதம் விடாமல் வந்தவன். பின்வரிசையில் ஜன்னலை ஒட்டி உட்காருவான். பாட்டு நேரத்தில் உதடு மட்டும் அசையும். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பிவிடுவான்.

தோளில் தட்டி, "என்ன தம்பி, எப்படி இருக்க? உனக்காகத்தான் ஜெபிச்சிட்டே இருக்கோம்" என்றேன்.

அவன் சிரித்தான். "அண்ணா, நான் வர்றதில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? ரெண்டு மூணு வாரமா..." என்று இழுத்தேன்.

"நாலு மாசம் ஆச்சுண்ணா."

கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். மணி என்ன என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். அதற்குள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

நான் சொன்னது பொய். அவனுக்காக நான் ஜெபிக்கவில்லை. நாலு மாதமாக நாற்காலியை வேறு யார் அடுக்குகிறார்கள் என்றுகூடக் கவனிக்கவில்லை. "ஜெபிச்சிட்டு இருக்கோம்" என்பது சபைக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும் செல்லாக் காசு. கொடுப்பவரும் யோசிப்பதில்லை, வாங்குபவரும் சுண்டிப் பார்ப்பதில்லை. அன்று அவன் சுண்டிப் பார்த்துவிட்டான்.

இத்தனைக்கும் அப்போது எங்கள் கூட்டம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம். கிட்டார், டிரம்ஸ், திரையில் பாட்டு வரிகள், மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு பேச்சாளர். சராசரியாக அறுபது பேர். சபைக் கமிட்டிக்கு நான் கொடுக்கும் அறிக்கையில் அந்த அறுபது தவறாமல் இருக்கும், மூப்பர்கள் தலையசைப்பார்கள். அந்த எண்ணில்தான் நான் ஏமாந்தேன். ஒருவன் நின்றுபோகிற வாரத்தில் புதிதாக ஒருத்தி வந்துவிடுவாள், அறுபது அறுபதாகவே இருக்கும். தலையை எண்ணினால் முகம் தெரியாது. இரண்டு வருடத்தில் எத்தனை பேர் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்து, யாரும் பார்க்காமல் அதே கதவு வழியாக வெளியே போனார்கள் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெயர்கள் பாதிதான் நினைவுக்கு வந்தன.

முதல் சபையைப் பற்றி வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. வாலிபர் கூட்டம் நடத்துகிற எல்லாரும் மேற்கோள் காட்டுகிற வசனம்தான். உபதேசம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகியவற்றோடு இன்னொன்றிலும் அவர்கள் உறுதியாய் இருந்தார்கள். கிரேக்கத்தில் அது கொய்னோனியா. வேறு பல இடங்களில் 'ஐக்கியம்' என்று வருகிற இந்தச் சொல்லுக்கு, இந்த வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'அந்நியோந்நியம்' என்று போட்டிருக்கிறது. நாம் கணவன் மனைவியைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்துகிற அதே சொல். 'வாலிபர் ஐக்கியம்' என்று பேனர் அடித்து மாட்டுவது எளிது. 'வாலிபர் அந்நியோந்நியம்' என்று அடித்துப் பாருங்கள், கை கூசும். அந்தக் கூச்சத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

(வாலிபர் என்ற சொல்லிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கேட்டவுடன் ஆண் முகம்தான் மனதில் வருகிறது. எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிக்குமேல் பெண்கள். பெயரை மாற்ற ஒருமுறை முயன்றோம். கமிட்டியில் ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.)

பஸ் ஸ்டாப் சந்திப்புக்குப் பிறகு, அதே நடபடிகள் புத்தகத்தின் இருபதாம் அதிகாரத்தில் எத்தனையோ தடவை வாசித்துக் கடந்துபோன ஒருவன் கண்ணில் பட்டான். ஐத்திகு. துரோவா ஊரில், மேல்வீட்டில் கூட்டம். பவுல் பேசுகிறார், நடுராத்திரி வரை பேசுகிறார். அநேக விளக்குகள் எரிகின்றன. இந்த வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுகிறான். இதை வைத்து நீளமான பிரசங்கத்தைக் கேலி செய்வது வழக்கம், நானும் செய்திருக்கிறேன். இந்த முறை வேறொன்று உறைத்தது. அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள், வெளிச்சமும் இருந்தது, ஆனாலும் விழும்வரை அவன் தலை சாய்வதைக் கண்டு யாரும் எழுந்து போய்ப் பிடித்ததாகக் கதையில் இல்லை. எல்லாரும் பவுலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பவுல் மட்டும் நல்லவேளையாகப் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய் அவனைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் தம்பியும் ஜன்னலை ஒட்டித்தான் உட்காருவான் என்று சொன்னேன் அல்லவா.

மாற்ற வேண்டும் என்று தோன்றியதே தவிர எப்படி என்று தெரியவில்லை. அப்போது உதவியது ஒரு பழைய கடன் கதை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் ஆராதனைக் கட்டடம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று உட்கார்ந்து பேசினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். ஏழைகளால் அதுகூட முடியாதே என்றார் ஒருவர். அப்படியானால் இருப்பதிலேயே ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரம் ஒருமுறை நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் கொடுக்க முடியாததை என் கையிலிருந்து போடுகிறேன் என்றார் ஃபாய். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினொரு பேரை ஏற்றுக்கொண்டார்கள். காசு வாங்கத்தான் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் நோய், ஒருவர் குடியில். வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். இத்தனை நாள் நமக்கு இல்லாமல் இருந்தது இதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 'வகுப்புக் கூட்டம்' என்று மெதடிஸ்ட்கள் சொல்லும் சிறு குழு பிறந்தது இப்படித்தான், கடன் வசூலிலிருந்து.

எனக்கு இதில் பிடித்தது, யாரும் 'ஐக்கியத்தைக் கட்டுவோம்' என்று கிளம்பவில்லை என்பது. பொறுப்பாளரையும் சேர்த்துப் பன்னிரண்டு பெயர், வாரம் ஒருமுறை, கதவைத் தட்ட ஒரு காரணம். அவ்வளவுதான்.

நாங்கள் ஒரு நோட்டு வாங்கினோம். நீல அட்டை, கோடு போட்டது. அறுபது பெயரையும் எழுதி, ஏழெட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினோம். பெயருக்குப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு கட்டம். வந்தால் எதுவும் போட வேண்டாம், வராவிட்டால் மட்டும் ஒரு புள்ளி. இரண்டு புள்ளி சேர்ந்தாற்போல் விழுந்தால் பொறுப்பாளர் போன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் கைகூப்பிய படம் அனுப்பினால் கணக்கில் சேராது.

முதல் மாதமே சொதப்பினோம். ஆள் ஆளுக்குப் போன் போட்டு "ஏன் வரல?" என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். நானும்தான். ஒரு தங்கச்சி என்னிடம் நேராகவே கேட்டாள்: "அண்ணா, ஆபீஸ்ல லீவு சொல்லணும், வீட்ல கணக்கு சொல்லணும், இப்ப நீங்களும் அட்டெண்டன்ஸா?" அவளுக்கு அந்த இரண்டு வாரமும் இரவுப் பணி. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நான் கேட்டது வேறு கேள்வி.

'ஏன் வரல' என்பதற்கும் 'எப்படி இருக்க' என்பதற்கும் உள்ள தூரத்தை நடந்து முடிக்க எங்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது. கூட்டத்துக்குத் திரும்ப அழைக்காமலேயே போனை வைக்கக் கற்றுக்கொள்வதுதான் பெரிய கஷ்டம். பேசி முடிக்கும்போது "சரி, இந்த வாரம் வந்துடு" என்று வாயில் தானாக வரும். அதை விழுங்க வேண்டும். விழுங்காவிட்டால் முன்னால் கேட்ட நலம் விசாரிப்பு முழுவதும் அந்த ஒரு வரிக்குப் போட்ட தூண்டில் ஆகிவிடுகிறது.

அடுத்தது ஜெபக் குறிப்பு. சிறு பிரிவுகளில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு குறிப்பு சொல்வார்கள். படிப்புக்காக, வேலைக்காக, பாட்டியின் சரீர சுகத்துக்காக. எல்லாம் உண்மைதான், ஆனால் எல்லாம் வாசல் திண்ணை வரைக்கும்தான், வீட்டுக்குள் யாரையும் விடுவதில்லை. ஒரு சனிக்கிழமை, முறை தன்னிடம் வந்தபோது ஒருவன் தரையைப் பார்த்தபடி, "எனக்கு ஆறு மாசமா ஜெபிக்க வரல. இங்க கண்ண மூடிட்டு உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்" என்றான்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு நாக்கு நுனியில் மூன்று வசனங்கள் தயாராக இருந்தன. தலைவன் என்றால் எதையாவது சொல்ல வேண்டும் என்ற அரிப்பு அது. எப்படியோ அன்று அடக்கிக்கொண்டேன். ஒரு நிமிடம் இருக்கும். எதிரில் உட்கார்ந்திருந்த பெண், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள், "எனக்கும்" என்றாள். அப்புறம் இன்னொருவர். வாய்விட்டு ஜெபம் செய்து முடிக்க அன்று யாருக்கும் தெரியவில்லை, அப்படியே எழுந்தோம். ஆனால் அந்த ஏழு பேரும் அடுத்த ஒரு வருடம் ஏறக்குறைய ஒருநாளும் தவறவில்லை.

இது நல்ல கதை. கெட்ட கதையும் உண்டு. வேறொரு பிரிவில் ஒரு பெண் தன் வீட்டுப் பிரச்சினை ஒன்றைச் சொல்லி அழுதாள். இரண்டே நாளில் அது அவள் அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. விசாரித்தால், யாரும் புறங்கூறவில்லை! "ஜெபிக்கத்தான் சொன்னேன்" என்று ஒருவர், இன்னொருவரிடம், அவர் ஒருவர் மாற்றி ஒருவராக ஜெபிக்கச் சொல்லி அனுப்பும் ஜெபச் சங்கிலிக்கு. வம்புக்கு வெள்ளை அங்கி போட்டால் ஜெபக் குறிப்பு. அந்தப் பெண் திரும்ப வரவேயில்லை, நான் போன் செய்தபோது மரியாதையாகப் பேசி வைத்துவிட்டாள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றன. அதன்பிறகு ஒவ்வொரு பிரிவிலும் முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுகிறோம்: இங்கே கேட்டதை வீட்டில், பெற்றோரிடம், போதகரிடம்கூட, சொன்னவரின் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. ஒரே விலக்கு உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால். அப்போது ரகசியம் காப்பது அன்பு ஆகாது. ஒருவன் "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று மூன்று வாரம் தொடர்ந்து சொன்னபோது, அவனிடம் சொல்லிவிட்டு, அவனோடு கூடவே போய் மருத்துவரைப் பார்த்தோம். ஜெபமும் செய்தோம். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழித்தாக வேண்டும் என்கிறது. நான் எங்கள் சனிக்கிழமையை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் பாட்டு, செய்தி, அறிவிப்பு எல்லாம் போக ஒருவரோடு ஒருவர் பேசக் கிடைப்பது அரை மணி. வருடத்துக்கு 50 வாரம் என்று வைத்தாலும் 25 மணி நேரம். இந்த வேகத்தில் 200 மணி நேரம் சேர எட்டு வருடம் ஆகும்! எட்டு வருடத்தில் ஒருவன் படித்து முடித்து, வேலை தேடி, ஊர் மாறி, கல்யாணம் ஆகி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு சபையில் உட்கார்ந்திருப்பான்.

ஆகவே மணி நேரத்தை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். எங்களுக்கு அது படிக்கட்டில் கிடைத்தது. சபையில் தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மா வீடு மாற்றினார்கள். பத்துப் பேர் போனோம். மரப் பீரோ ஒன்று, இரண்டு மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. மேலே நான்கு பேர், கீழே நான்கு பேர், நடுவில் கைப்பிடிச் சுவரோடு நசுங்கியபடி ஒருவன். இருபது நிமிடம் அப்படியே நின்றோம். "கதவைக் கழட்டுங்கப்பா" என்று அந்த அம்மா மேலேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. கடைசியில் கதவைக் கழற்றித்தான் ஏற்றினோம். அந்த இருபது நிமிடத்தில், அதுவரை ஒன்றரை வருடமாக முகம் மட்டும் தெரிந்திருந்த இரண்டு பேர், ஒருவர் பிடியை இன்னொருவர் நம்பி நின்றிருந்த காரணத்தால், நண்பர்கள் ஆகிவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது ஏதாவது பிடிவாதம் பிடித்தால் "கதவைக் கழட்டுப்பா" என்றால் போதும், பத்துப் பேர் சிரிப்பார்கள். புதிதாக வந்தவருக்கு விளங்காது. இந்த விளங்காமையும் ஓர் ஆபத்துதான், அதற்கு வருகிறேன்.

பத்துப் பேர் சேர்ந்து சிரிக்கிற வட்டம் வெளியிலிருந்து பார்த்தால் பத்து முதுகுகள். எங்கள் கூட்டத்தில் 'ஆமென்' சொன்னதும் என்ன நடக்கிறது என்று ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். அரை நிமிடத்தில் நான்கைந்து வட்டங்கள். புதியவர்கள் போனை எடுத்துப் பார்க்கிறார்கள், போனில் ஒன்றும் வந்திருக்காது, திரையை மேலும் கீழும் தள்ளுகிறார்கள். பிறகு சாவியைத் தேடுவதுபோலப் பையைத் துழாவுகிறார்கள். மூன்றாவது நிமிடம் வாசலைத் தாண்டிவிடுகிறார்கள். அன்றிலிருந்து பொறுப்பாளர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: ஆமெனுக்குப் பிறகு முதல் ஐந்து நிமிடம் தன் நண்பனோடு பேசக் கூடாது. அறிவிப்பு, வரவேற்புப் பாட்டு, எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்வது எல்லாவற்றையும் நிறுத்தினோம். எழுந்து நிற்கச் சொன்னதால் யாராவது ஒட்டிக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை.

வேலைக்காக ஊரை விட்டு வந்து தனியாகத் தங்கியிருப்பவர்கள் இதில் தனி ரகம். அவர்களுக்குக் கூட்டத்தைவிட ஞாயிறு மத்தியானம்தான் கனமானது. 1844 ஜூன் 6ஆம் தேதி லண்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த 22 வயது ஜார்ஜ் வில்லியம்ஸ் பதினொரு பேரோடு ஓர் அறையில் கூடித்தான் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து, நாள் முழுக்க நின்று வேலை பார்த்து, கடை இருக்கும் கட்டடத்திலேயே படுத்துக்கொண்ட பையன்கள் அவர்கள். பின்னாளில் அது உலகம் முழுவதும் கட்டடங்களாக எழுந்தது என்பது வேறு விஷயம். தொடங்கியபோது பன்னிரண்டு பேரும் ஓர் அறையும் மட்டும். இங்கேயும் பன்னிரண்டு வந்துவிட்டதைக் கவனித்தேன். கணக்கில் ரகசியம் ஏதும் இருப்பதாக நினைக்கவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். அறுபதில் தெரியாது.

மேடையையும் கொஞ்சம் கலைத்தோம். அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 1881இல் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் வாலிபர்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கியபோது, ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கு எடுப்பேன் என்று உறுதிமொழி வாங்கினார். நாங்கள் உறுதிமொழி வாங்கவில்லை. வெளிப் பேச்சாளரை மாதம் ஒன்றிலிருந்து வருடம் இரண்டாகக் குறைத்துவிட்டு, வேதபாடத்தை அவர்களையே நடத்தச் சொன்னோம். தரம் இறங்கியது, மறைக்க விரும்பவில்லை. ஒருவன் யோபு புத்தகத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். எண்ணிக்கையும் அறுபதிலிருந்து நாற்பதுக்கு வந்தது. கமிட்டியில் இந்த முறை யாரும் தலையசைக்கவில்லை. "வாலிபர் ஊழியம் டல் ஆகுது போல" என்றார் ஒரு பெரியவர். நான் நீல நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். திறந்து காட்டலாமா என்று நினைத்தேன், காட்டவில்லை. நாற்பது பேரில் யாருக்கு அப்பா இல்லை, யார் இரவு வேலை, யார் ஜெபிக்க முடியாமல் இருக்கிறார் என்பதை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பஸ் ஸ்டாப் தம்பி திரும்பி வரவில்லை. தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்றான். வேறொரு சபைக்குப் போகிறான், அங்கே ஒலிபெருக்கிப் பொறுப்பு அவனுடையதாம். நல்ல இடமாகத்தான் தெரிகிறது.

போன வருடம் எனக்கு 36 ஆனது. வாலிபர் என்று சொல்லிக்கொள்ள எனக்கே சிரிப்பு வந்தது. பொறுப்பை 23 வயதுத் தங்கச்சி ஒருத்தியிடம் ஒப்படைத்தேன், ஆமாம், அட்டெண்டன்ஸா என்று கேட்டவள்தான். நோட்டையும் கொடுத்தேன். அது மூன்றாவது நோட்டு, இதற்கும் நீல அட்டைதான். அதன்பிறகு சனிக்கிழமைகளில் போனால் பின்வரிசையில் உட்காருவேன். சில வாரம் போகமாட்டேன். வேலை, வீடு, அப்படியே கொஞ்சம் சோம்பேறித்தனம்.

போன வாரம் போன் வந்தது.

"அண்ணா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்ம்மா. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நான் உள்ளுக்குள் எண்ணிப் பார்த்தேன். சேர்ந்தாற்போல் இரண்டு சனிக்கிழமை. நோட்டில் என் பெயரையும் எழுதியிருக்கிறாள். புள்ளியும் வைத்திருக்கிறாள். 'என்னம்மா, எனக்கே அட்டெண்டன்ஸா' என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.